சம்மதமானால் எழுதவும்

ஆலங்குளம்
6-2-1938

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கச்சி ஆவுடைத்தாய் வணங்கி எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் அத்தானும் குழந்தை சங்கரம்மாளும் எப்படி இருக்கிறீர்கள்? குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கிறாளா? பால் குடித்ததும் கக்குகிறாள் என்று எழுதியிருந்தாயே, வசம்பைச் சுட்டு உரைத்து ஒரு பொட்டு நாக்கில் தடவு, நின்றுவிடும்.

இவுக பொங்கலுக்குக் கொழும்பிலிருந்து வருவதாக இருந்தது. கடையில் ஆள் இல்லையாம், வரவில்லை.

ஒரு விஷயம். அத்தை எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். என் நாத்தனார் குழல்வாய்மொழிக்குப் பதினேழு நடக்கிறது. உன் கொழுந்தன் நமசிவாயம் செங்கோட்டையில் திருவிதாங்கூர் சர்க்கார் ஓவர்சியராக இருப்பதும், பெரியவர்கள் இல்லாத உங்கள் வீட்டில் நீ வைத்ததுதான் சட்டம் என்பதும் அத்தை காதுக்கு வந்திருக்கிறது. "உங்க அக்கா ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சிரும்லா, எழுதேன்ட்டி" என்று இதோ பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பெண் மாநிறம். எட்டாவது வரை படித்தவள். ஒரு வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு நீங்கள் வந்து பார்த்துவிட்டுப் போனால் நன்றாக இருக்கும்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
ஆவுடை

தென்காசி
11-3-1938

ஆவுடைக்கு,

அக்கா உலகம்மாளின் ஆசீர்வாதம். நாங்கள் சுகம். சுகம் என்று எழுதும்போதே குழந்தை ஒரு தும்மல் போட்டாள். பேனாவை வைத்துவிட்டுப் போய் மார்பில் காதை வைத்துக் கேட்டுவிட்டு வந்தேன். பி.ஏ. படித்தவள் செய்கிற காரியமா என்று உன் அத்தான் சிரிக்கிறார். கடிதம் தாமதமானதற்கு அவள்தான் காரணம் என்று எழுத நினைத்தேன். நிஜம் அது இல்லை. உன் கடிதத்தைப் படித்தபின் ஒரு மாதம் பேனாவை எடுக்கவில்லை, கோபத்தில்.

மாநிறமா? விளக்கு வைத்த பிறகா?

உனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை, இருந்தாலும் நான் எழுதத்தான் போகிறேன். ஏழு வருஷத்துக்கு முன் ஆனி மாதம் உன் மாமியார் அகிலாண்டேஸ்வரி என்னைப் பெண் பார்க்க வந்தாள். வீட்டுக்கு வரமாட்டேன் என்றாள். "வீட்டுல வச்சுப் பாத்தா பவுடரைத்தான் பாக்கணும். அருவியில வச்சுப் பாப்போம்" என்றாள். அய்யா நம் இரண்டு பேரையும் குற்றாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெரிய அருவியில் பெண்கள் பக்கம் நான் குளித்துக்கொண்டிருக்கும்போதே அவள் ஈரத்துண்டை எடுத்து என் கன்னத்தை அழுத்தித் தேய்த்தாள். பிறகு துண்டை விரித்துக் கூட வந்தவர்களுக்குக் காட்டினாள். "ஒண்ணும் ஒட்டலையே. இது பொறந்த கறுப்புதான்." அத்தனை தண்ணீர்ச் சத்தத்திலும் அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்டது.

நாலாம் நாள் தபால் கார்டு வந்தது. கவரில் போட அவர்களுக்குத் தோன்றவில்லை. அய்யாவுக்குக் கண்ணாடி உடைந்திருந்தது. தபால்காரர் முகம்மது கனி அண்ணாச்சியையே வாசிக்கச் சொன்னார். அவர் எப்போதும்போலத் தெருவில் நின்று உரக்க வாசித்தார். "மூத்த பெண் நிறம் போதாது. இளையவளைக் கொடுக்கச் சம்மதமானால் எழுதவும்." இரண்டாம் வரியில் அவர் குரல் இறங்கிவிட்டது. ஆனால் முதல் வரி அதற்குள் தெருக்கோடிக்குப் போயிருந்தது.

நீ அழுதாய். அழுதுகொண்டே போய் மணையிலும் உட்கார்ந்தாய்.

என் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டுத்தான் அய்யா என்னை மதராஸுக்குப் படிக்க அனுப்பினார். அங்கே நான் பவுடர் டப்பாவைத் தொடவில்லை. பட்டம் வாங்கிய அன்று போட்டோ எடுத்தவன், "முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கித் தரட்டுமா அம்மா?" என்றான். "பரீட்சை எழுதினது இந்த மூஞ்சிதானே?" என்று கேட்டேன். அந்தப் போட்டோ, கறுப்பாகவே, இதோ சுவரில் இருக்கிறது. கார்டு பெட்டிக்குள் இருக்கிறது.

அத்தையிடம் சொல். பெண்ணைப் பார்க்கிறோம். ஆனி மாதம், குற்றாலத்தில், அருவியில், பட்டப்பகலில்.

உன் மகளைப் பற்றி ஒரு வரி இல்லையே? மூன்று வயசாகிறது. இன்னும் "பாப்பா"தானா, பேர் வைத்தீர்களா? அய்யாவின் காரியத்துக்கு வந்தபோதும் காய்ச்சல் என்று அவளை விட்டுவிட்டு வந்தாய்.

அக்கா,
உலகம்மாள்

ஆலங்குளம்
19-3-1938

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். சுகம். உங்கள் சுகமும் அப்படியே இருக்க வேண்டும்.

நீ எழுதியது எல்லாம் சரி. மணையில் உட்கார்ந்ததும் சரி.

உன் கடிதத்தை வாசித்துக் காட்டச் சொன்னார்கள். மாமா ஆறுமுகநயினார் இருந்தவரையில் இந்த வீட்டில் எழுத்து அவர் கை. அந்தக் கார்டும் அவர் கைதான். அத்தைக்கு ஒரு எழுத்தும் தெரியாது. அது நல்லதாய்ப் போயிற்று. "ஆனியில் குற்றாலத்துக்கு வாருங்கள், பெண்ணைப் பார்க்கிறோம் என்று பிரியமாக எழுதியிருக்கிறாள்" என்று வாசித்தேன். அத்தை முகம் கொஞ்சம் மாறியது. "குற்றாலத்துலயா? வீட்டுல வச்சுப் பாத்தா என்ன?" என்றார்கள்.

குழலு நல்ல பிள்ளை அக்கா. நீ சொல்கிற அந்த ஆனியில் அவளுக்குப் பத்து வயசு. அவள் எங்கள் மாமாவை, தன் அய்யாவை, உரித்து வைத்த நிறம். மாநிறம் என்று நான் எழுதியது அத்தை சொல்லி எழுதியது.

விளக்கு வைத்த பிறகே வந்து பார்க்கக் கூடாதா?

ஆவுடை

தென்காசி
2-5-1938

ஆவுடைக்கு,

ஆசீர்வாதம். குழந்தைக்குப் பல் முளைக்கிற காய்ச்சல். டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார், அவருக்கு ஒன்றுமில்லைதான். பத்து நாளாக நெற்றியைத் தொட்டுத் தொட்டு என் உள்ளங்கை எது சூடு, எது சூடில்லை என்பதையே மறந்துவிட்டது. இப்போது தேவலை. அங்கே சுகந்தானா?

விளக்கு வைத்த பிறகு வரமாட்டேன்.

இன்னொன்றும் உண்டு. வாசித்துக் காட்டும்போது இதை மாற்றாதே. அருவிக்குப் பிறகு எனக்குப் பிடித்திருந்தால், சம்பந்தம் கேட்டு உன் மாமியார் பேரில் ஒரு கார்டு வர வேண்டும். கவர் கூடாது. "எங்கள் பெண் கறுப்பு. சம்மதமானால் எழுதவும்." இந்த இரண்டு வரி போதும். நான் இப்போது இருப்பதும் அதே தெருதான், நம் வீட்டுக்கு ஆறு வீடு தள்ளி. முகம்மது கனி அண்ணாச்சிக்கு இன்னும் இரண்டு வருஷம் சர்வீஸ் இருக்கிறது.

நான் கெட்டுப்போய்விட்டேன் என்று நினைப்பாய். போன வாரம் பக்கத்து வீட்டு ஆச்சி என் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "மூக்கும் முழியும் என்ன லெச்சணமா இருக்கு! கொஞ்சம் வெளுத்திருந்தா..." என்றாள். ஆசையாகத்தான் சொன்னாள். நான் பிள்ளையை வெடுக்கென்று வாங்கிக்கொண்டேன். அந்த "கொஞ்சம்" இவளோடு பள்ளிக்கூடம் போகும், இவளைப் பெண் பார்க்க வருகிற கூட்டத்தோடு வந்து உட்காரும். அத்தனை வாய்களையும் நான் அடைக்க முடியாது. ஒரு வாயை அடைக்க முடியும். அது இப்போது என்னிடம் கேட்டு நிற்கிறது.

பாப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தேன்.

உலகம்மாள்

ஆலங்குளம்
20-6-1938

அக்காவுக்கு,

வணக்கம். எல்லோரும் சுகம். சங்கரம்மாளுக்கு இப்போது எத்தனை பல்?

முன்பே எழுத முடியவில்லை. கார்டு விஷயத்தை உள்ளபடியே வாசித்தேன். அத்தை இரண்டு நாள் சாப்பிடவில்லை. "தென்காசிக்காரி படிச்ச திமிருல ஆடுதா" என்று மூன்றாம் நாள் பேச்சு வந்தது. அதற்குள் பாவூர்சத்திரத்திலிருந்து ஒரு இடம் வந்து பார்த்துவிட்டு, ஊருக்குப் போய் எழுதுகிறோம் என்றார்கள். எழுதவில்லை. பிறகு ஆலங்குளத்திலேயே ஒரு இடம். அவர்கள் காப்பியைக்கூட முழுசாகக் குடிக்கவில்லை. பிறகுதான் அத்தை, "சரி, எழுது" என்றார்கள்.

வருகிற ஞாயிறு, 26ஆம் தேதி, குழலும் அத்தையும் குற்றாலத்துக்கு வருகிறார்கள். நான் வரவில்லை. பாப்பாவுக்குத் தோல் உரிந்திருக்கிறது. வெயிலாக இருக்கும்.

குழலிடம் பார்த்து நடந்துகொள் அக்கா.

ஆவுடை

தென்காசி
28-6-1938

ஆவுடைக்கு,

சுகம் விசாரிப்பதை இந்தக் கடிதத்தின் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். நடந்ததை முதலில் கேள்.

நல்ல சாரல். பெண்கள் பக்கத்தில் முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். குழந்தையை உன் அத்தானிடம் விட்டுவிட்டுக் கூடையோடு போனேன். கூடைக்குள் ஒரு புதுத் துண்டு, இதற்கென்றே பாவூர்சத்திரம் சந்தையில் பார்த்துப் பார்த்து எடுத்தது. வெள்ளைத் துண்டு. உன் மாமியார் என்னைக் கண்டதும், "நல்லாருக்கியா உலகு?" என்றாள். என் பேர் அவளுக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

குழல் அருவிக்குள் போய்த் தலையை நனைத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். கண் மையெல்லாம் வழிந்து ஓடிவிட்டது. நான் துண்டை நனைத்துப் பிழிந்து உன் மாமியார் கையில் கொடுத்தேன்.

"நீங்களே தேய்ச்சுக் காட்டுங்க அத்தை."

"என்ன உலகு, விளையாடுதியா?"

"அன்னைக்கு நீங்க விளையாடலையே."

பக்கத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிற பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். உன் மாமியாரின் கை மகளின் கன்னம் வரைக்கும் போயிற்று. அங்கேயே நின்றது. திரும்ப வந்தது. மறுபடியும் போயிற்று. ஏழு வருஷமாக நான் மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் கையைத்தான்.

குழல் வெடுக்கென்று துண்டைப் பிடுங்கினாள். தன் கன்னத்தைத் தானே, இந்தப் பக்கம், அந்தப் பக்கம், நெற்றி, கழுத்து என்று அழுத்தித் தேய்த்தாள். துண்டை உதறி எல்லோருக்கும் விரித்துக் காட்டினாள்.

"ஒண்ணும் ஒட்டல. எல்லாரும் நல்லாப் பாத்துக்கிடுங்க. எங்க அய்யா நெறம். அவுக குடுத்ததுல எங்கிட்ட மிச்சம் இருக்கது இது ஒண்ணுதான், இதைத் தேய்ச்சு விட்டுற மாட்டேன்."

எண்ணெய்க்காரி ஒருத்தி, "ஏட்டி, அப்படிச் சொல்லு!" என்று கையைத் தட்டினாள். உன் மாமியார் பாறையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு இனித்தது ஆவுடை. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், தொண்டை வரை இனித்தது.

அப்போது அந்தப் பெண் என் காதருகே வந்தாள்.

"மதினி, துண்டைத் தூக்கிட்டு இவ்வளவு தூரம் வந்தீகளே. அங்கன வீட்டுல எங்கம்மா தெனமும் பாப்பாவைக் காஞ்ச பீர்க்கங்காய்க் கூட்டை வச்சுத் தேய்க்கா, வெளுக்கணும்னு. முதுகுல ரத்தம் கசியுது. மொதப் பேத்திக்கு அப்பனைப் பெத்தவ பேருதானே வைக்கணும்? 'எம் பேரை அந்தக் கரிக்கட்டைக்கா வைக்க?'ங்கா. வேற பேரு வச்சாலும் கொறச்சலாம். மூணு வயசுப் பிள்ளைக்குப் பேரில்லை. அதுக்கு என்ன செய்யப் போறீக?"

வாயில் இருந்த இனிப்பை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

ஏன் எனக்கு எழுதவில்லை என்று உன்னைத் திட்டத்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். ஆனால் நான் கேட்டேன், ஒரு வரி. நீ பதில் எழுதவில்லை. மறுபடியும் ஒரு வரி கேட்டேன். நீ எழுதாததைக் கவனிக்காமல் நான் சந்தைக்குத் துண்டு வாங்கப் போய்விட்டேன்.

போகட்டும். பாறையில் உட்கார்ந்திருந்தவளிடம் அங்கேயே சொல்லிவிட்டேன். "கார்டுல இன்னொரு சேதியும் வரணும் அத்தை. பேத்திக்கு ஒங்க பேரு. அது வரலைன்னா நமசிவாயம் இல்லை." அவள் தலையை ஆட்டினாள். மனசு மாறி ஆட்டவில்லை. ஆலங்குளத்திலும் பாவூர்சத்திரத்திலும் இனி ஆள் இல்லை என்று ஆட்டினாள். எனக்கு அது போதும். தன் பேர் கொண்ட பிள்ளையை அவளே கரிக்கட்டை என்று சொல்லட்டும், பார்ப்போம்.

நீ இன்றைக்கே பீர்க்கங்கூட்டை அடுப்பில் போடு. சங்கரம்மாள் சுகம். உன் மகள் சுகமா என்று உள்ளதை எழுது.

அக்கா

ஆலங்குளம்
5-7-1938

அக்கா,

பாப்பா சுகமில்லை. உள்ளதை எழுதுகிறேன்.

உன்னைத் தள்ளிவிட்டு என்னை எடுத்தார்கள். என் வயிற்றில் உன் நிறத்தில் பிள்ளை பிறந்தது. அதை உனக்கு நான் எப்படி எழுதுவேன்? எழுதினால் நீ சிரிப்பாயோ என்று பயந்தேன். அப்படி நினைத்ததற்கு என்னை மன்னித்துக்கொள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அத்தை முதல் தடவை அவளை அப்படித் தேய்த்தபோது செம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றியது நான்தான். வெளுத்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். இரண்டாம் தடவையும் ஊற்றினேன். அதற்குப் பிறகு பாப்பா என்னிடமும் குளிக்க வருவதில்லை. தண்ணீர்ச் சத்தம் கேட்டால் நெல்குதிருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறாள். நானும் குழலும் மாறி மாறித் தேங்காய் எண்ணெய் போடுகிறோம். முதுகு காய்ந்து வருகிறது.

பீர்க்கங்கூட்டை அடுப்பில் போட்டேன். அத்தை பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

கார்டு எழுதியாயிற்று. என் கை ஓடவில்லை என்று குழலே எழுதினாள். எழுதியதை அம்மாவுக்கு வாசித்தும் காட்டினாள். அவள் வாசித்ததைவிடக் கார்டில் வரிகள் கூடுதலாகத் தெரிந்தன. நான் மைப்புட்டியை அத்தை பக்கம் நகர்த்தினேன். அத்தை பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார்கள்.

ஆவுடை

(கார்டு)

ஆலங்குளம்
7-7-1938

தென்காசி வக்கீல் சங்கரநாராயணன் அவர்கள் சம்சாரம் உலகம்மாளுக்கு ஆலங்குளம் அகிலாண்டேஸ்வரி எழுதிக்கொண்டது. இவ்விடம் சுகம், அவ்விடமும் அவ்வண்ணமே என்று நம்புகிறேன். எங்கள் பெண் கறுப்பு. எங்கள் பேத்தியும் கறுப்பு. பேத்திக்கு இன்று என் பெயர் வைத்திருக்கிறது. பெண் பாளையங்கோட்டையில் இரண்டு வருஷம் வாத்தியார் டிரெயினிங் படிக்கப் போகிறாள். அதுவரை மாப்பிள்ளை காத்திருக்கச் சம்மதமானால் எழுதவும்.

அகிலாண்டேஸ்வரி கைரேகை

தென்காசி
10-7-1938

என் ஆவுடைக்கு,

ஆசீர்வாதம். நாங்கள் சுகம். சங்கரம்மாளுக்கு நாலு பல், அதில் ஒன்றை என் விரலில் பரீட்சை பார்த்துவிட்டாள்.

கார்டு வந்தது. முகம்மது கனி அண்ணாச்சி நீட்டினார். என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. இருந்தாலும், "நீங்களே வாசிங்க அண்ணாச்சி" என்றேன். அவர் கார்டைத் திருப்பிப் பார்த்தார், ஊர்ப் பேரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் நடுத்தெருவுக்குப் போய் நின்றுகொண்டு வாசித்தார். இந்தத் தடவை எந்த வரியிலும் குரல் இறங்கவில்லை. பக்கத்து வீட்டு ஆச்சி, "யாரு பொண்ணுவே கறுப்பு?" என்று கேட்க, "ஆலங்குளத்துப் பொண்ணு ஆச்சி, கொஞ்சமில்லை, முழுக் கறுப்பாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டிரெயினிங் நான் கேட்காதது. உன் மாமியாரும் சொல்லியிருக்க மாட்டாள். கார்டை அன்றைக்கே ஆள் மூலம் செங்கோட்டைக்கு, நமசிவாயத்துக்குக் கொடுத்தனுப்பினேன். "இந்தக் கார்டை எழுதின பொண்ணுக்காக ரெண்டு வருஷம் இருக்கலாம் மதினி, அம்மாவுக்காகன்னா ரெண்டு நாள்கூட இருக்க மாட்டேன்" என்று பதில் வந்திருக்கிறது. சம்மதம் என்று குழலுக்கு இன்றே எழுதுகிறேன். கார்டில்தான் எழுதுகிறேன், உங்கள் ஊர்த் தபால்காரரும் வாசிக்கட்டும்.

இனி உனக்கு ஒரு வேலை. மாமியார் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பது நம்மில் வழக்கம். பிள்ளையின் பேரே அதுதான் என்றால் யார் என்ன சொல்ல முடியும்? ஆச்சி, குட்டி, பாப்பா என்றெல்லாம் மழுப்பாதே. நாளைக்கு முழுப் பேரையும் சொல்லித் தெருவுக்கே கேட்கக் கூப்பிடு. அதோடு கறுப்பி என்றும் சேர்த்துக் கூப்பிடு. நான் என் மகளை அப்படித்தான் கூப்பிடுகிறேன். கூப்பிட்டதும் திரும்பிச் சிரிக்கிறாள்.

எனக்காக ஒரு தடவை. உனக்காக எத்தனை தடவை வேண்டுமானாலும்.

அக்கா,
உலகம்மாள்

ஆலங்குளம்
16-7-1938

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். குழலு திங்கட்கிழமை பாளையங்கோட்டைக்குப் புறப்படுகிறாள். அத்தைக்கு டிரெயினிங் சேதி தெரிந்தது தபால்காரர் வாயால். அன்றிலிருந்து அடுப்படியை விட்டு வெளியே வருவதில்லை.

கூப்பிட மூன்று நாள் ஆயிற்று. வாய் வரவில்லை. நேற்றுக் காலையில் வெந்நீர் விளாவி வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வாசலில் நின்று கத்தினேன். "ஏட்டி அகிலாண்டேஸ்வரி! கறுப்பி! குளிக்க வாட்டி!" எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. அடுப்படியில் அத்தை கையிலிருந்து கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. எடுக்கிற சத்தம் கேட்கவில்லை.

பாப்பா, இல்லை, அகிலாண்டேஸ்வரி, குதிருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "கையைக் காட்டு" என்றாள். இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். "மறுபக்கம்" என்றாள். திருப்பிக் காட்டினேன்.

பிறகு வந்தாள்.

ஆவுடை